நாட்பட்ட முகவலி: உணர்தலும் உரிய சிகிச்சையும்

(மருத்துவ, பல் மருத்துவ மாணவர்களும் பொதுச் சுகாதாரத் துறை அலுவலர்களும் பங்குகொண்ட பயிற்சி வகுப்பில், வாய் நோய் மருத்துவப் பேராசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒரு நாட்டு மக்களின் உடல்நலத்தை அளப்பதற்கு நாம் வழக்கமாகக் கையாளும் அளவுகோல்கள் சில உண்டு. குழந்தை இறப்பு விகிதம், பேறுகால இறப்பு விகிதம், சராசரி ஆயுட்காலம் ஆகியவை அவற்றுள் தலையாயவை. இவற்றில் நம் நாடு கண்டுள்ள முன்னேற்றம் பாராட்டுக்குரியது. ஆயினும், இந்த அளவுகோல்கள் எவற்றிலும் அகப்படாத துன்பம் ஒன்று உண்டு. அதுவே நாட்பட்ட வலி. அது ஆளைக் கொல்வதில்லை. ஆதலால் இறப்புப் பதிவேட்டில் இடம்பெறுவதில்லை. அது தொற்றுவதில்லை, ஆதலால் யாரும் அதனைக் குறித்து அவசர அறிக்கை அனுப்புவதில்லை. எனினும் உண்ணவும் பேசவும் உறங்கவும் உழைக்கவும் இயலாதபடி ஒரு மனிதனை முடக்கிவிடும் ஆற்றல் அதற்கு உண்டு. அவ்வகை வலிகளுள், தாடையிலும் முகத்திலும் தோன்றி மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் வலியைப் பற்றி இன்று உங்களுடன் பேச விரும்புகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன் எங்கள் புறநோயாளர் பிரிவுக்கு ஐம்பது வயதைக் கடந்த பெண்மணி ஒருவர் வந்தார். வயல் வேலை செய்பவர். வலப்பக்க மேல்தாடையில் வலி என்று முதலில் ஒரு பல்லைப் பிடுங்கிக்கொண்டார். வலி நிற்கவில்லை. அடுத்த பல்லைப் பிடுங்கினார்கள். இவ்வாறு வெவ்வேறு இடங்களில் நான்கு பற்களை இழந்த பின்னரும் வலி இருந்த இடத்திலேயே இருந்தது. நாங்கள் அவரைக் கண்டபோது, முகத்தின் இடப்பக்கம் தூய்மையாக இருந்தது. வலப்பக்கம் நீர் படாமல் அழுக்கேறியிருந்தது. காரணம் கேட்டோம். "தண்ணீர் பட்டாலே மின்னல் வெட்டுகிறது, ஐயா" என்றார். அந்த ஒரு வாக்கியமே நோயின் பெயரைச் சொல்லிவிட்டது. அது பல்வலி அன்று. முகத்தின் உணர்ச்சி நரம்பாகிய முக்கிளை நரம்பில் எழும் வலி. நான்கு பற்களை எடுக்கும் முன் ஒருவரேனும் இக்கேள்வியைக் கேட்டிருந்தால் அப்பற்கள் இன்று அவர் வாயில் இருந்திருக்கும். நான் சொல்ல வந்த செய்தியின் சாரம் இவ்வளவே: நாட்பட்ட முகவலியில் கேட்டறிவது முதற் சிகிச்சை, மீட்க முடியாததைச் செய்வது கடைசிச் சிகிச்சை.

வலியும் நாட்பட்ட வலியும்

வலி என்பது உடலின் காவலாளி. முள் குத்தினால் காலை இழுக்கச் சொல்வது அது. காயம் ஆறியதும் காவலாளி ஓய்வுகொள்ள வேண்டும். ஆனால் சிலரிடத்தில் காயம் ஆறிய பின்னும் எச்சரிக்கை மணி ஒலித்துக்கொண்டே இருக்கிறது. மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் அல்லது திரும்பத் திரும்ப வரும் வலியை நாட்பட்ட வலி என்று மருத்துவ உலகம் வரையறுக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் பதினொன்றாம் நோய் வகைப்பாடு 2022 ஆம் ஆண்டு சனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதில் நாட்பட்ட வலிக்குத் தனி இடம் அளிக்கப்பட்டிருப்பது குறிப்பிடத்தக்கது. வேறு நோயின் அறிகுறி என்று மட்டும் கருதப்பட்ட வலி, தன்னளவிலேயே ஒரு நோயாகவும் இருக்கலாம் என்பதற்கு அது அங்கீகாரம் ஆகும்.

இந்தப் புரிதல் ஒரே நாளில் வந்ததன்று. 1965 ஆம் ஆண்டில் மெல்சாக், வால் என்னும் இரு அறிஞர்கள், வலிச் செய்தி நரம்பு வழியே அப்படியே மூளைக்குச் சென்றுவிடுவதில்லை என்றும், தண்டுவடத்தில் ஒரு வாயில்போன்ற அமைப்பு அதனைக் கூட்டவோ குறைக்கவோ செய்கிறது என்றும் விளக்கினர். அந்த வாயிலின் திறப்பும் அடைப்பும் மூளையிலிருந்து வரும் ஆணைகளையும் பொறுத்தவை. ஆகவே உறக்கமின்மை, அச்சம், கவலை, ஓயாத உழைப்பு ஆகியவை வலியைக் கூட்டுகின்றன. இதனைக் கொண்டு, "வலி உன் மனத்தில்தான் இருக்கிறது" என்று நோயாளியிடம் சொல்லிவிடுவது பெரும் பிழை. வலி மெய்யானது. அதனைப் பெருக்கும் காரணங்களும் மெய்யானவை. இரண்டையும் சேர்த்துப் பார்ப்பதே அறிவியல்.

பல்லின் மேல் விழும் பழி

நம் உடலில் மிகுதியாக உழைக்கும் மூட்டுகளுள் தாடை மூட்டும் ஒன்று. காதுக்குச் சற்று முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடினால் அதன் அசைவை உணரலாம். கதவின் கீல்போலச் சுழல்வதுடன், இழுப்பறைபோல முன்னும் பின்னும் நகரவும் வல்லது அது. எலும்புகளுக்கிடையே மெல்லிய தட்டு ஒன்று மெத்தையாக அமைந்துள்ளது. கன்னத்திலும் நெற்றிப்பொட்டிலும் உள்ள தசைகள் தாடையை இயக்குகின்றன. இப்பகுதியின் உணர்ச்சியை மூளைக்கு எடுத்துச் செல்வது ஐந்தாம் மூளை நரம்பாகிய முக்கிளை நரம்பு. ஒரு கிளை நெற்றிக்கும், ஒரு கிளை மேல்தாடைக்கும், ஒரு கிளை கீழ்த்தாடைக்கும் செல்கின்றன.

பல், மூட்டு, தசை, தோல், சைனஸ் என்னும் எலும்பறைகள் ஆகிய அனைத்தின் செய்திகளும் ஒரே நரம்பின் வழியே செல்வதால் மூளை சில வேளைகளில் முகவரியைத் தவறாகப் படித்துவிடுகிறது. கன்னத் தசையின் வலி கடைவாய்ப் பல்லில் இருப்பதாகத் தோன்றும். மூட்டின் வலி காதுவலியாகத் தோன்றும். நெற்றிப்பொட்டுத் தசையின் வலி தலைவலி என்றே கொள்ளப்படும். பல் கண்ணுக்குத் தெரிகிறது; பிடுங்குவதும் எளிது. ஆகவே பழி அதன் மேல் விழுகிறது. காது, மூக்கு, தொண்டை மருத்துவர், பல் மருத்துவர், கண் மருத்துவர் என்று நோயாளி அலைந்து கைப்பணத்தைக் கரைப்பது இதனால்தான்.

சொற்களே முதற் கருவி

வலியை அறிய இன்னும் ஓர் அளவுமானி கண்டுபிடிக்கப்படவில்லை. நோயாளியின் சொல்லே நமக்குள்ள முதற் கருவி. இவ்வகையில் நம் மொழிகள் வளமானவை. தெறிப்பு, குடைச்சல், கடுப்பு, எரிச்சல், குத்தல், இழுப்பு என்று பாமர மக்கள் வழங்கும் சொற்கள் ஒவ்வொன்றும் ஒரு நோய்க்குறிப்பு. மாணவர்கள் இவற்றை மொழிபெயர்த்து எழுதுவதை விட்டு, நோயாளி சொன்ன சொல்லையே நோய்க்குறிப்பேட்டில் பதிவது நலம்.

குளிர்ந்த நீர் பட்டால் கூசி, இரவில் விண்விண் என்று தெறித்து, குறிப்பிட்ட பல்லைத் தட்டும்போது மிகுமானால் அது பெரும்பாலும் பல்லின் வலி. பல் மருத்துவமே அதற்கு வழி.

கன்னத்திலும் காதின் முன்பும் மந்தமான கடுப்பாக இருந்து, மெல்லும்போதும் கொட்டாவி விடும்போதும் மிகுந்து, காலையில் எழும்போது தாடை இறுகியிருக்குமானால் அது தாடை மூட்டையும் தசைகளையும் சார்ந்த வலி. இதுவே பல்வலிக்கு அடுத்து மிகுதியாகக் காணப்படுவது. ஆண்களைக் காட்டிலும் பெண்களுக்கு இது ஏறக்குறைய இரு மடங்கு வருகிறது. மூட்டில் 'கிளிக்' என்னும் ஒலி மட்டும் கேட்டு, வலியும் தடையும் இல்லையெனில் அதற்கு எந்தச் சிகிச்சையும் வேண்டுவதில்லை.

முகம் கழுவுதல், பல் துலக்குதல், காற்றுப் படுதல் போன்ற சிறு தூண்டுதலாலேயே ஒரு பக்கத்தில் மின்சாரம் பாய்ந்தாற்போலத் தெறித்து, சில நொடிகளிலிருந்து இரண்டு நிமிடங்களுக்குள் மறைந்து, மீண்டும் மீண்டும் வருமானால் அது முக்கிளை நரம்பு வலி. பெரும்பாலும் ஐம்பது வயதுக்கு மேற்பட்டோரிடம் காணப்படுவது. பலருக்கு, மூளையின் அடியில் ஓர் இரத்தக்குழாய் அந்நரம்பின் வேரை அழுத்துவதே காரணம். அக்கி வந்து ஆறிய இடத்தில் ஓயாமல் எரிவது மற்றொரு வகை நரம்பு வலி.

நம் நாட்டில் இன்னொன்றையும் மறத்தல் ஆகாது. பாக்கு, குட்கா ஆகியவற்றை மெல்லும் பழக்கத்தால் வாயின் உட்புறத் திசு தடித்து இறுகும் நோய் இங்கு பரவலாக உள்ளது. காரம் பட்டால் எரிச்சலும், வாய் திறக்க இயலாமையும் அதன் அடையாளங்கள். அது புற்றுநோய்க்கு இட்டுச் செல்லக்கூடும். தாடை மூட்டு நோய் என்று அதனைத் தவறாகக் கருதிக் காலம் கடத்தலாகாது.

அபாயக் குறிகளும் உண்டு. வலியுடன் முகத்தில் மரத்துப்போதல், வாயில் ஆறாத புண், கழுத்தில் கட்டி, நாளுக்கு நாள் வாய் திறப்பது குறைதல், காரணமின்றி உடல் மெலிதல் ஆகியவை இருந்தால் உடனே உயர் மருத்துவமனைக்கு அனுப்புதல் வேண்டும். நடக்கும்போதோ மாடிப்படி ஏறும்போதோ தாடையில் தோன்றி, ஓய்வெடுத்தால் தணியும் வலி இருதய நோயாக இருக்கலாம். ஐம்பது வயதுக்கு மேல் புதிய தலைவலியுடன், மெல்லும்போது தாடை சோர்ந்து வலிக்குமானால் இரத்தக்குழாய் அழற்சியை ஐயுற வேண்டும். தாமதித்தால் கண்பார்வையே போய்விடும்.

பிழைகள் கற்பித்த பாடம்

தாடை மூட்டு வலியின் வரலாறு, மருத்துவத்துறை தன் பிழைகளிலிருந்து கற்ற வரலாறு எனலாம். 1934 ஆம் ஆண்டில் அமெரிக்காவைச் சேர்ந்த காஸ்டன் என்னும் காது, மூக்கு, தொண்டை மருத்துவர், பற்களை இழந்து கடி குலைவதே காதுவலிக்கும் தாடை வலிக்கும் காரணம் என்று கருத்துரைத்தார். அதன் பின் பல்லாண்டுகள் 'கடி சரியில்லை' என்பதே விளக்கமாக இருந்தது. நல்ல பற்கள் அரத்தால் தேய்க்கப்பட்டன, வலியைப் போக்கவென்றே உறைகள் பொருத்தப்பட்டன, அறுவைகள் பெருகின. 1980களில் அமெரிக்காவில் டெஃப்லான் கலந்த செயற்கைத் தட்டுகளை மூட்டினுள் பொருத்தினர். அவை மெல்லும் அழுத்தத்தில் துகள்துகளாக உடைந்து, சுற்றியுள்ள எலும்பையே அரித்தன. 1990-91 ஆம் ஆண்டுகளில் அந்நாட்டு உணவு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை எச்சரிக்கை விடுத்து அவற்றைத் திரும்பப் பெறச் செய்தது. சிறு வலியோடு சென்ற பலர் வாழ்நாள் முழுவதும் தீராத வலியோடு திரும்பினர்.

பின்னர் நடந்த ஆய்வு ஒன்று கருத்தை மாற்றியது. அமெரிக்காவில் இந்நோய் இல்லாத 2,700க்கும் மேற்பட்டோரைச் சில ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். ஆண்டொன்றுக்கு நூற்றுக்கு ஏறக்குறைய 4 பேருக்கு இந்நோய் புதிதாகத் தோன்றியது. உடலின் வேறு இடங்களிலும் வலி உள்ளோர், உறக்கம் கெட்டோர், உடல் உபாதைகளால் மனம் அலைக்கழிந்தோர் ஆகியோரையே அது மிகுதியாகப் பற்றியது. ஒரு பல் தேய்ப்பதால் தீரக்கூடிய எளிய கோளாறன்று இது என்பது தெளிவாயிற்று.

எளிய வழிகளே உரிய வழிகள்

அப்படியாயின் செய்யத்தக்கது யாது? 2023 டிசம்பரில் 'பி.எம்.ஜே.' என்னும் பிரிட்டிஷ் மருத்துவ இதழில், பன்னாட்டு வல்லுநர் குழு ஒன்று நாட்பட்ட தாடை மூட்டு வலிக்கான வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. அக்குழு வலுவாகப் பரிந்துரைத்தவை எவை என்று பார்த்தால் வியப்பே மிஞ்சும். நோயாளிக்குத் தெளிவாக விளக்கி அச்சத்தைப் போக்குதல்; வீட்டிலேயே செய்யும் தாடைப் பயிற்சிகள்; பயிற்சி பெற்றவரின் மேற்பார்வையில் தாடையையும் உடல் நிலையையும் சீர்செய்யும் பயிற்சிகள்; இறுகிய தசைகளைக் கையால் நீவித் தளர்த்துதல்; வலியைப் பற்றிய எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றும் உளவியல் சிகிச்சை. இவை யாவும் செலவு குறைந்தவை; தீங்கு அரிதானவை. பற்களின் அமைப்பை நிரந்தரமாக மாற்றும் பல்தகடுகள், மூட்டுத் தட்டை அகற்றும் அறுவை, அழற்சி நீக்கும் மாத்திரையுடன் அபின் வகை மருந்தைச் சேர்த்துத் தருதல் ஆகியவற்றை அக்குழு வலுவாக எதிர்த்துள்ளது. இரவில் அணியும் சாதாரணத் தகட்டைக்கூட வலிக்கான வழக்கமான சிகிச்சையாக அது ஏற்கவில்லை.

நடைமுறையில் நோயாளிக்கு நாம் சொல்லத்தக்கவை சிலவே. ஓய்வாக இருக்கும்போது உதடுகள் சேர்ந்திருக்கலாம், பற்கள் சேர்ந்திருக்கலாகாது. பகலில் தம்மை அறியாமல் பற்களை இறுக்கிக்கொண்டிருப்பதைப் பலர் உணர்வதே இல்லை. சில வாரங்களுக்கு மென்மையான உணவு உண்ணலாம். பாக்கையும் கடினமான தின்பண்டங்களையும் விலக்குதல் வேண்டும். கன்னத்தில் வெந்நீர் ஒற்றடம் நாளுக்கு இரண்டு மூன்று முறை கொடுக்கலாம். நாக்கின் நுனியை மேலண்ணத்தில் வைத்தபடி வாயை மெல்லத் திறந்து மூடும் பயிற்சியைச் செய்யலாம். வலி தாங்க முடியாத சில நாட்களுக்கு மட்டும், மருத்துவர் அறிவுரைப்படி வலி மாத்திரை எடுக்கலாம். மாதக்கணக்கில் தாமாகவே வாங்கி உண்டால் வயிறும் சிறுநீரகமும் கெடும். இவற்றால் பெரும்பாலோருக்கு வலி தணிகிறது. 'இது புற்றுநோயன்று, தாடை ஒடிந்துபோகாது' என்று உறுதி சொல்வதே பாதி மருந்து.

முக்கிளை நரம்பு வலியின் கதை வேறு. அதற்குச் சாதாரண வலி மாத்திரைகள் பயன்படா. வலிப்பு நோய்க்குத் தரப்படும் கார்பமசெபின் என்னும் மருந்து அதனைக் கட்டுப்படுத்துவதை 1962 ஆம் ஆண்டிலேயே சுவீடன் நாட்டு மருத்துவர் புளோம் எடுத்துக்காட்டினார். இன்றும் அதுவே முதல் தெரிவு. விலை குறைந்தது, நம் தேசிய இன்றியமையா மருந்துகள் பட்டியலில் உள்ளது. சிறு அளவில் தொடங்கிச் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும். தொடக்க வாரங்களில் தோலில் தடிப்போ வாய்ப்புண்ணோ காய்ச்சலோ கண்டால் உடனே நிறுத்தி மருத்துவரிடம் வர வேண்டும் என்பதை எழுதியே கொடுத்தல் நலம். அரிதாயினும் அது உயிருக்கு ஆபத்தானது. ஆசிய மக்களுள் சிலரிடம் இவ்விளைவுக்கான மரபணுக்கூறு காணப்படுவதால் நமக்கு இந்த எச்சரிக்கை இரட்டிப்பு முக்கியம். மருந்து பயன்படாதவர்களுக்கு, நரம்பை அழுத்தும் இரத்தக்குழாயை விலக்கி வைக்கும் அறுவை பெரிய மருத்துவமனைகளில் செய்யப்படுகிறது. அறுவைக்கு இங்கு உரிய காரணம் உண்டு. தாடை மூட்டு வலியில் பெரும்பாலும் இல்லை. நோய் எது என்று முதலில் தெளிதல் வேண்டும் என்பதன் பொருள் இதுவே.

அலுவலர்களின் கவனத்திற்கு

வாய் நலனுக்கான தேசியத் திட்டம் 2014 ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது. 2018 முதல் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தின் கீழ் அமைந்து, இன்று ஆயுஷ்மான் ஆரோக்கிய மந்திர் என்று வழங்கும் நிலையங்களின் பணிகளில் வாய் நலமும் சேர்க்கப்பட்டுள்ளது. இ-சஞ்சீவனி என்னும் தொலை மருத்துவ வசதியும் உள்ளது. கட்டடமும் கருவியும் புதிதாக வேண்டுவதில்லை. வேண்டுவன நான்கு.

ஒன்று, கேள்விகள். வலி எத்தனை நாளாக உள்ளது? ஒரு முறை வந்தால் எவ்வளவு நேரம் நீடிக்கிறது? எதனால் தூண்டப்படுகிறது? மரத்துப்போதல் உண்டா? தம் மூன்று விரல்களைச் செங்குத்தாக அடுக்கி வாயினுள் நுழைக்க முடிகிறதா? இந்த ஐந்தையும் கிராம சுகாதாரச் செவிலியர் கேட்டு எழுதலாம். இரண்டு நிமிடப் பணி இது.

இரண்டு, மருந்து. வலிப்பு நோய்க்கென வரும் கார்பமசெபின், முகவலி நோயாளிக்கும் தடையின்றித் தொடர்ந்து கிடைத்தல் வேண்டும். இடையில் பத்து நாள் மருந்து தீர்ந்துபோனால் வலி திரும்புகிறது; நோயாளி மீண்டும் பல் பிடுங்கத் தேடிப் போகிறார்.

மூன்று, ஒத்துழைப்பு. பல் ஒரு துறையிலும் உடல் மற்றொரு துறையிலும் இருப்பதால் தாடை மூட்டு இரண்டுக்கும் நடுவே அனாதையாகிறது. இது நம் நாட்டின் குறை மட்டுமன்று. அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்களின் 2020 ஆம் ஆண்டு அறிக்கையும் இதனையே சுட்டியது. மாவட்ட மருத்துவமனையில் பல் மருத்துவர், பொது மருத்துவர், இயன்முறை மருத்துவர், மனநல ஆலோசகர் ஆகியோர் வாரத்தில் ஒரு நாள் ஒரே அறையில் அமர்ந்தால் நோயாளியின் பல மாத அலைச்சல் மிச்சமாகும்.

நான்கு, ஒரு கட்டுப்பாடு. படத்திலும் பரிசோதனையிலும் நோய் காணப்படாத பல்லை, வலி என்னும் ஒரே காரணத்திற்காகப் பிடுங்குவதில்லை என்பதை ஒவ்வொரு மருத்துவமனையும் நெறியாகக் கொள்ளுதல் வேண்டும்.

நம்புதலும் சிகிச்சையே

மாணவ நண்பர்களே, இறுதியாக ஒன்று. நாட்பட்ட முகவலி உடையோரின் முகத்தில் பெரும்பாலும் வீக்கம் இராது. எக்ஸ்ரே படத்தில் எதுவும் தெரியாது. அதனால் வீட்டார் நம்புவதில்லை. வேலை தருவோர் நம்புவதில்லை. சில வேளை மருத்துவரும் நம்புவதில்லை. பெண்கள் மிகுதியாகத் துன்புறும் நோய் ஆதலால், வேலைக்கு அஞ்சிச் சொல்லும் சாக்கு என்னும் ஏச்சும் சேர்ந்துகொள்கிறது. பன்னாட்டு வலி ஆய்வுச் சங்கம் 1979 இல் வகுத்த வலியின் வரையறையை 2020 இல் திருத்தியபோது, தமக்கு வலி இருப்பதாக ஒருவர் சொல்வதை மதித்தல் வேண்டும் என்னும் குறிப்பையும் அதனுடன் இணைத்தது. படத்தில் தெரியாததால் வலி இல்லை என்று கொள்ளாதீர்கள்; நம் படத்துக்கு அது எட்டவில்லை என்று கொள்ளுங்கள்.

நான் முதலில் குறிப்பிட்ட பெண்மணிக்குக் கார்பமசெபின் கொடுத்தோம். மறுமுறை வந்தபோது முகத்தின் இரு பக்கமும் கழுவி, மஞ்சள் பூசி வந்திருந்தார். அதன் பின் பல ஆண்டுகள் அவர் வேலைக்குச் சென்றார். ஆயினும் மெல்லும் பக்கத்தில் நான்கு பற்கள் இல்லை. மருந்தால் வலியைப் போக்க முடிந்தது. பற்களைத் திருப்பித் தர எங்களால் இயலவில்லை. அடுத்து வரும் நோயாளி உங்களிடம் வருவார். அவர் பற்களோடு வீடு திரும்பட்டும்.